ஓடும் கோளும் நிற்கும் கோளும்: பாகூர் ஏரிக்கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

புதுச்சேரியின் வில்லியனூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மொட்டைமாடிகளில் டிடிஎச் டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். அவற்றின் முன்னால் நீண்டிருக்கும் கம்பியின் நுனியில் உள்ள எல்.என்.பி., பாதி டிரான்ஸ்வெர்ட்டர். வானத்திலிருந்து பத்தாயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வரும் அலையை, வீட்டுக் கேபிளில் ஓடக்கூடிய அளவுக்கு இறக்கித் தருகிறது. முழு டிரான்ஸ்வெர்ட்டர் இதை இரு திசையிலும் செய்யும்: கேட்கும்போது இறக்கும், பேசும்போது ஏற்றும். பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்றாது. நம் ஊர் வழக்கில் சொன்னால் அது துபாஷி. கவர்னர் துய்ப்ளெக்சின் பிரெஞ்சுக்கும் ஊராரின் தமிழுக்கும் நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை நின்ற இடம் அது.

இந்தத் துபாஷி இல்லாமலே பலரால் பேச முடிந்த ஒரு செயற்கைக்கோளையும், இவர் இல்லாமல் நெருங்கவே கடினமான இன்னொன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது ஹாம்சாட். ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்றே இஸ்ரோ அனுப்பிய கோள். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட்டில் கார்ட்டோசாட்-1 உடன் ஏறியது. எடை 42.5 கிலோ. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது ஓர் அலைவரிசையில் வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும் கருவிகள். ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றது நெதர்லாந்து ஹாம் ஒருவர் செய்தது. 435 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 145 மெகாஹெர்ட்ஸில் திரும்பி வரும். இரண்டு பட்டையும் உள்ள ஆல்மோடு செட் வைத்திருந்தவருக்கு வேறு பெட்டி தேவைப்படவில்லை. பழைய சிற்றலை செட் மட்டும் உள்ளவர் இறக்கிக் கேட்க 116 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் கொண்ட சின்ன டிரான்ஸ்வெர்ட்டரை வைத்துக்கொள்ளலாம்: 145.9-இல் 116 போனால் 29.9, செட் அதைக் கேட்டுவிடும்.

இரண்டாவது கியூஓ-100. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹைல்-2 என்ற தொலைக்காட்சிக் கோளுக்குள் இருக்கும் அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர். 2019 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். கிழக்குத் தீர்க்கரேகை 25.9 பாகையில் அசையாமல் நிற்கிறது. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை அதன் பார்வையில் உண்டு. ஏற்றம் 2,400 மெகாஹெர்ட்ஸ், இறக்கம் 10,489. எந்தச் சாதாரண செட்டிலும் இந்த எண்கள் கிடையாது. 432-இல் பேசும் செட்டோடு 1,968-ஐக் கூட்டினால் 2,400. இந்தக் கூட்டலைச் செய்யும் பெட்டிதான் கதவைத் திறக்கிறது.

ஹாம்சாட் சுமார் 620 கி.மீ. உயரத்தில் ஓடியது. அடிவானத்தில் எழுந்து மறையப் பத்துப் பதினைந்து நிமிடம். பி.வி.சி. குழாயில் அலுமினியக் குச்சிகளைப் பொருத்திய யாகி ஆண்டெனாவைக் கையில் பிடித்து, வானத்தில் கோடு இழுப்பதுபோலத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். கோள் நெருங்கும்போது அலைவரிசை கூடும், விலகும்போது குறையும். 435-இல் இந்த நகர்வு பத்து கிலோஹெர்ட்ஸ் வரை. ஒரு கை ஆண்டெனாவில், மறு கை டயலில். இது உடம்பால் கற்கும் வித்தை.

கியூஓ-100-இல் இந்த ஓட்டம் இல்லை. கோள் நிற்கிறது. ஆனால் இப்போது பெட்டி நகர்கிறது! எல்.என்.பி.க்குள் இருக்கும் படிகம் வெயிலில் சூடாகும்போது பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே, 9,750 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட பத்து கிலோஹெர்ட்ஸ். ஒருவர் பேசப் பிடிக்கும் இடம் மூன்று கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவு. காலையில் கேட்ட குரல் சித்திரை மதியத்தில் மூன்று பேர் தள்ளிப் போய் நிற்கும். கோள் விடாமல் அனுப்பும் அடையாள அலையான பீக்கனைப் பிடித்து அதை அளவுகோலாக வைத்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது ஜிபிஎஸ்ஸில் பூட்டிய ஆஸிலேட்டர் போட வேண்டும். எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். முன்பு வானத்தின் அசைவைத் துரத்தினோம். இப்போது நம் மாடியின் வெப்பத்தைத் துரத்துகிறோம்.

கேபிளும் வேறு கணக்கு. ஆர்ஜி-58 கேபிள் பத்து மீட்டர் ஓடினால் 145-இல் அனுப்பிய ஆற்றலில் பாதிக்கு மேல் தேறும். 2,400-இல் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே டிரான்ஸ்வெர்ட்டர் மேசைமேல் இருக்கக் கூடாது. டிஷ்ஷின் காலடியில், மழை புகாத டப்பாவுக்குள் இருக்க வேண்டும். செட்டின் ஐம்பது வாட்டை அப்படியே அதற்குள் அனுப்பினால் உள்ளே கருகிவிடும். நடுவில் ஆற்றலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் அவசியம்.

இனி இடம். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கியூஓ-100 ஏறக்குறைய நேர் மேற்கே, அடிவானத்திலிருந்து 27 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. பதினைந்து மீட்டர் தென்னை முப்பது மீட்டருக்குள் நின்றாலே மறைத்துவிடும். வில்லியனூரின் தோப்புகளுக்கு நடுவே இது பெரிய சிக்கல். பாகூர் ஏரி அப்படியல்ல. இந்தப் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் ஏரிகளின் கரை பெரும்பாலும் கிழக்கில்தான். கரைமேல் நின்றால் மேற்கே தண்ணீரும் வானமும். ஹாம்சாட்டுக்கு இந்த இடத் தேர்வு தேவைப்படவில்லை. அது எல்லாத் திசையிலும் வந்து போனது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கம் புகுந்தது. அப்படியான இரவில் இந்த இரண்டில் எது உதவும்? 10,489-இல் 80 செ.மீ. டிஷ்ஷின் கதிர் இரண்டரைப் பாகை அகலம்தான். காற்று சற்றே திருப்பிவிட்டால் கோள் தொலைந்தது. யாகியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓடும் கோளுக்காகக் காத்திருக்க வேண்டும். நிற்கும் கோள் எந்த மணிக்கும் உண்டு. என் கருத்தில், மறுபடி திருப்பி வைக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் டிஷ்ஷே மேல். அந்தத் தெரிதலை வளர்த்தது ஹாம்சாட் மாதிரிக் கோள்கள். 2014 ஜூலையில் பேட்டரி பழுதாகி அது அடங்கியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பேசுவதற்கு உரிமம் வேண்டும், அதில் எழுதியுள்ள அலைவரிசையில் மட்டும். எல்லோரையும் மீறி உரக்கப் பேசினால் கியூஓ-100-இல் லைலா என்ற எச்சரிக்கைச் சைரன் உங்கள் குரல்மேலேயே ஒலிக்கும். உங்கள் சொல் ஒவ்வொரு முறையும் 38,800 கி.மீ. ஏறி, அதே தூரம் இறங்கி, கால் நொடி கழித்து உங்கள் காதுக்கே வரும்.

கேட்கத் தொடங்க ஒரு பழைய டிஷ், எல்.என்.பி., கணினியில் செருகும் எஸ்.டி.ஆர். டாங்கிள் போதும். ஆஃப்செட் டிஷ் ஏறக்குறைய செங்குத்தாக, மேற்குச் சுவரைப் பார்ப்பதுபோல நிற்கும். தவறென்று நினைத்து மேல்நோக்கிச் சாய்த்துவிடாதீர்கள். எல்.என்.பி. 9,750-ஐக் கழித்துத் தருவதால் 739.75 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் தேடுங்கள். திரையில் விடாமல் இறங்கும் ஒரு கோடு தெரிந்தால், அது நடு பீக்கன்.