பழைய கார் ஏசிக்குப் புதிய கேஸ்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அமெரிக்கக் கார் ஏசிகளில் ஆர்-12 என்ற ஒரே கேஸ்தான் ஆட்சி செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்துக்காக 1928-ல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு இதைக் கண்டறிந்தது. அதற்கு முன் குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு போன்றவை கசிந்தால் ஆபத்து. புதிய கேஸுக்கு நச்சும் இல்லை, தீப்பற்றும் குணமும் இல்லை. 1930-ல் வேதியியலாளர்கள் கூடிய சபையில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மீது ஊதி அணைத்துக் காட்டினார். வர்த்தக உலகில் அதன் பெயர் ஃப்ரீயான்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். கேஸ் வெளியேற வழி குறைவு. காரில் அப்படி முடியாது. என்ஜின் பெல்ட் சுழற்றும் கம்ப்ரசரின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் அதிர்வதால் இணைப்புகள் ரப்பர் ஹோஸ்களாகவே இருந்தாக வேண்டும். இரண்டு வழியாகவும் கேஸ் மெல்லக் கசியும். கேஸ் குறைந்தால் உதிரிபாகக் கடையில் சிறிய டப்பா வாங்கி வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்வது அமெரிக்காவில் சாதாரண வழக்கமாக இருந்தது. பழுது பார்க்கும்போது மிச்சக் கேஸைக் காற்றில் திறந்துவிடுவதையும் யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

இத்தகைய கேஸ்களின் குளோரின் மேல்வளிமண்டல ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் எழுதினார்கள். 1978-ல் அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் அவற்றைத் தடை செய்தது. கார் ஏசியைத் தொடவில்லை. 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை தெரியவந்தது. 1987-ல் இந்தக் கேஸ்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. வளர்ந்த நாடுகளில் உற்பத்தி 1995 முடிவுக்குள் பெரும்பாலும் நின்றது.

மாற்றாக வந்த ஆர்-134ஏ-வில் குளோரின் கிடையாது. 1994 மாடலுக்குள் புதிய கார்கள் பெரும்பாலும் அதற்கு மாறின. சிக்கல் பழைய கார்களில்தான். ஆர்-12 இருந்த இடத்தில் ஆர்-134ஏ-வை அப்படியே ஏற்ற முடியாது. ஆர்-12-உடன் கலந்து ஓடி கம்ப்ரசருக்கு மசகிட்ட கனிம எண்ணெய் புதிய கேஸில் கலக்காது. எங்காவது தேங்கி நிற்கும், கம்ப்ரசர் வறண்டு தேயும். அதனால் பிஏஜி அல்லது எஸ்டர் எண்ணெய் தேவைப்பட்டது. பிஏஜி ஈரத்தை உறிஞ்சும். பழைய குளோரின் மிச்சம் இருந்தால் கெடும். எனவே பழைய கார்களுக்குப் பல மெக்கானிக்குகள் எஸ்டரையே விரும்பினார்கள். ஈரத்தைப் பிடிக்கும் ட்ரையரையும் மாற்ற வேண்டும். வெயில் காலத்தில் புதிய கேஸின் அழுத்தம் கூடுதல் என்பதால், அளவு மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்சும் அவசியம். பழைய அளவில் 80 முதல் 90 விழுக்காடு கேஸ்தான் ஏற்றுவார்கள். திருகு மரை கொண்ட பழைய சர்வீஸ் வால்வின் மேல் புதிய கேஸுக்கான அடாப்டரைக் கழற்ற முடியாதபடி பூட்டி, பானட்டுக்கடியில் வெளிர்நீல லேபிள் ஒட்டுவார்கள். வேலை செய்த கடை, தேதி, எண்ணெயின் வகை, கேஸின் அளவு எல்லாம் அதில் இருக்கும். அடுத்த மெக்கானிக் தவறான கேஸை ஏற்றிவிடக் கூடாதல்லவா?

ஆர்-134ஏ-வின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோஸ்களில் நிற்காது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற அச்சம் முதலில் இருந்தது. நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை. ஆண்டுக்கணக்கில் கனிம எண்ணெயை உறிஞ்சியிருந்த ஹோஸ் சுவர்கள் கசிவை ஓரளவு தடுத்தன. தீராத குறை குளிர்ச்சியில் இருந்தது. ஆர்-12-க்காக வடிவமைத்த கண்டென்சர் புதிய கேஸின் வெப்பத்தைப் போதிய அளவு வெளியேற்றாது. நெடுஞ்சாலையில் தெரியாத அந்தக் குறை, சிக்னலில் நிற்கும்போது தெரிந்துவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருப்பில் உள்ள ஆர்-12-ஐப் பயன்படுத்துவது அமெரிக்காவில் ஒருபோதும் குற்றமாகவில்லை. 1992 முதல் கேஸைக் காற்றில் விடக் கூடாது, அதே ஆண்டு இறுதியிலிருந்து சிறிய டப்பாக்கள் சான்று பெற்ற மெக்கானிக்குக்கு மட்டும் என்ற கட்டுப்பாடுகள்தான் வந்தன. உண்மையில் கார்க்காரர்களை மாற வைத்தது விலை. ஆர்-12 மீது 1990-ல் பவுண்டுக்கு 1.37 டாலராகத் தொடங்கிய வரி 1995-ல் 5.35 டாலரானது, உற்பத்தி நின்றபின் கேஸின் விலையும் எகிறியது. மயாமித் துறைமுகம் வழியாகக் கடத்தல் ஆர்-12 வந்து குவிந்தது. புரொப்பேன் கலந்த மலிவுச் சரக்குகளும் கிளம்பின. தீப்பற்றும் அபாயம் காரணமாக அரசு அவற்றைத் தடுத்தது.

ஆர்-12 போன்ற கேஸ்களின் உற்பத்தியை நிறுத்த வளரும் நாடுகளுக்கு 2010 வரை அவகாசம் இருந்தது. 1992-ல் உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியாவில் இந்தக் கேஸ்களைத் தயாரித்தவை நான்கு நிறுவனங்கள். மேட்டூரில் ஆலை வைத்திருந்த கெம்பிளாஸ்ட் சன்மார் அவற்றுள் ஒன்று. மருந்துத் தேவை நீங்கலாக, 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதியே உற்பத்தி நிறுத்தப்பட்டது.

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், புவியைச் சூடாக்குவதில் கார்பன் டையாக்சைடைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு வலியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் எந்தப் புதிய காரிலும் அதற்கு இடமில்லை. ஆர்-1234ஒய்எஃப் பெருமளவில் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது, விலையும் அதிகம். அதனால் இம்முறை ஆர்-134ஏ கார்களை யாரும் அவசரப்பட்டு மாற்றுவதில்லை. பழைய கேஸையே ஏற்றி ஓட்டுகிறார்கள்.