அகழி காத்தது எதனை?

இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டார வயல்களிடையே நாற்கோணப் பள்ளங்கள் பல உள்ளன. சிலவற்றில் நீர், சிலவற்றில் புல். அந்நாடெங்கும் இத்தகையவை 5,000க்கும் மேல். பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையே வெட்டப்பட்டவை. நடுவே நிலப்பிரபுவின் மாளிகை, சுற்றிலும் அகழி.

பகைவரைத் தடுக்கவா? படையைத் தாங்கும் வலிமை பலவற்றுக்கு இல்லை. ‘நான் உயர்ந்தோன்’ என ஊருக்கு உரைக்கவே பெரிதும் பயன்பட்டன!

அகழிக்கு அப்பால், பிரபுவின் நிலத்தில் கூலியின்றி உழைக்கக் கட்டுண்ட பண்ணையடிமைகள்! அக்கட்டுக்குச் சான்று, பண்ணை மன்றத்து ஏடுகள்.

1381இல் எசெக்ஸ் உழவர் பொங்கி எழுந்தனர். எந்த ஏடு தம்மை அடிமையென்றதோ, அந்த ஏட்டையே தீயிலிட்டனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது; ஆயினும் அடுத்த நூற்றாண்டில் பண்ணையடிமை முறை தேய்ந்தது.

இன்று பிரபுவின் மாளிகை பல இடங்களில் இல்லை; பள்ளம் இருக்கிறது. மனிதர் வெட்டிய பிரிவினையை மனிதரே கடந்தனர், தோழர்களே!