விலாசம் இருந்தால் போதும்

2006ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சம்பவங்கள் நடந்தன. மார்ச் 14ஆம் தேதி, புத்தகம் விற்றுப் பெயர் வாங்கிய அமெரிக்காவின் அமேசான் நிறுவனம், யார் வேண்டுமானாலும் தங்கள் கணினிக் கோப்புகளை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கிடங்கைத் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜொகூரில் பெருமழை கொட்டியது. கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட், மூவார் என்று மாநிலத்தின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. வடிந்த சில நாட்களிலேயே, 2007 ஜனவரியில், மறுபடியும் வந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

வெள்ளம் வடிந்தபின் கடைக்காரர் முதலில் பார்ப்பது சரக்கை. அடுத்துப் பார்ப்பது கணக்கை. நனைந்த நாற்காலியைத் துடைத்துக் காயவைத்து விலை குறைத்தாவது விற்றுவிடலாம். நனைந்த பில் கட்டு அப்படியல்ல. சேறு காய்ந்ததும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். கடன் வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்பது அந்தக் கட்டைக்குள்ளே போய்விடும். மேசைக்கு அடியில் வைத்திருந்த கணினிக்கும் இதே கதிதான்.

வியாபாரத்தின் தாள்களை எங்கே, எப்படி வைப்பது? கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. ஆனால் மூவார் போன்ற வணிகப் பட்டணத்துக்கு இது நூறாண்டுக்கு மேற்பட்ட கேள்வி.

மூவார் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுந்த இந்தப் பட்டணத்துக்கு 1887இல் சுல்தான் அபு பாக்கார் பண்டார் மகாராணி என்று பெயர் சூட்டினார். மலாயாவில் வியாபாரம் வளர்ந்த மற்றப் பட்டணங்களைப் போலவே இங்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு இங்கே இருப்பார். ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. அது முடிந்ததும் ஊர் திரும்புவார். வேறொருவர் வந்து பொறுப்பேற்பார். கடலுக்கு அப்பால் இருக்கும் முதலாளி, கண்ணால் பார்க்காத கடையை நம்பி நடத்தினார் என்றால், அந்த நம்பிக்கை நின்றது கணக்கேட்டின்மேல்தான்.

அவர்கள் தொழில் நடத்திய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளைப் பழைய படங்களில் பார்த்த நேயர்கள் இருப்பார்கள். நீளமான கூடம். கடைக்கொரு தனி அறை கிடையாது. சுவரோரமாக வரிசையாகப் பெட்டிகள். பெட்டிக்கு முன்னால் பாயும் சாய்வு மேசையும். ஒரே கூரையின்கீழ் பல கடைகள். எது யாருடையது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் விலாசம். நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது தெருப் பெயரும் வீட்டு எண்ணும் அல்ல. குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த கடையின் அடையாளம். அந்த மூன்று நான்கு எழுத்துகளைச் சொன்னால் போதும். இரங்கூனில் சொன்னாலும் பினாங்கில் சொன்னாலும் எந்தக் கடை, யார் முதலாளி, எவ்வளவு நாணயம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. 1942 ஜனவரி நடுவில் ஜப்பானியப் படை மூவார் ஆற்றைக் கடந்தது. பிறகு மூன்றரை ஆண்டுகள் வாழைமர நோட்டின் காலம். மலாயா டாலரில் வாங்கிய கடனை அந்த நோட்டில் பலர் அடைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் தாளாகிவிட்டது. அடைத்த கடன் அடைந்த கடன்தானா என்ற வழக்கு நாடெங்கும் எழுந்தது. 1948இல் கடன்காரர், கடன் கொடுத்தவர் இருவருக்குமான அவசரச் சட்டம் ஒன்று வந்தது. ஜப்பானிய நோட்டின் மதிப்பு மாதத்துக்கு மாதம் இறங்கிய கணக்கை ஓர் அட்டவணையாகவே அதில் போட்டார்கள். ஆக, எவ்வளவு கொடுத்தார் என்பது மட்டும் போதவில்லை. எந்த மாதத்தில் கொடுத்தார் என்பதும் வேண்டியிருந்தது. ஏட்டின் ஓரத்தில் எழுதிய தேதி சொத்தைக் காப்பாற்றியது, அல்லது கரைத்தது. தகவலைப் பற்றிய தகவல் என்று கணினிக்காரர்கள் இன்று பெரிதாகச் சொல்வது அந்த ஓரத்துத் தேதியைத்தான்.

இனி கணினிக்கு வருவோம். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் இயந்திரத்தின் வட்டுப் பேழையில் இரண்டடி அகலமுள்ள 50 வட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 5 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம். 1960களில் மல்டிக்ஸ் என்ற அமைப்பை வடிவமைத்தவர்கள், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று கோப்புகளை மரக்கிளைபோல் அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அலுவலகத்து இரும்பு அலமாரியைப் பார்த்து வந்த யோசனை போலவே இருக்கும். நாம் கணினியில் இன்றும் திறந்து மூடும் ஃபோல்டர் அதன் வாரிசுதான்.

சில ஆயிரம் கோப்புகளுக்கு இது பொருத்தம். கோடிக்கணக்கில் சேரும்போதுதான் மூச்சு முட்டும். மூவார் தளவாடத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவின் தளவாட ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த வட்டாரத்திலிருந்து போவதாகச் சொல்வார்கள். விற்பனைத் தொகை, சரக்கின் எண்ணிக்கை இவையெல்லாம் கட்டம் போட்ட அட்டவணைக்குள் அடங்கும். அடங்காதவைதான் அதிகம்: நாற்காலியின் வரைபடம், கொள்கலனில் சரக்கு ஏற்றும்போது எடுத்த படம், வாங்குபவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி, காவல் கேமராவின் இரவு முழுதான பதிவு, கையெழுத்திட்ட ரசீதின் நகல். ஒன்று போல் இன்னொன்று இராது. இவற்றைத்தான் கட்டமைப்பில்லாத தரவு என்கிறார்கள். எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டியில் வைத்தோம் என்பது வைத்தவருக்கே மறந்துவிடும்.

1990களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்த் கிப்சன் குழுவினர் வேறு விதமாக யோசித்தார்கள். வட்டுக்கு, எத்தனையாவது கட்டத்தில் எழுது என்று கட்டளையிடுவதை விட்டுவிட்டு, இந்தப் பொருளை வைத்துக்கொள், கேட்கும்போது கொடு என்று சொன்னால் என்ன? அதே காலத்தில் பெல்ஜியத்தில் பால் கார்பென்டியரும் யான் வான் ரீலும் ஃபைல்பூல் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார்கள். கோப்பின் உள்ளடக்கத்தையே கணக்குப் போட்டு அதிலிருந்து ஒரு கைரேகை எண்ணை எடுப்பது. அந்த எண்ணையே அதன் விலாசமாக வைப்பது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஈ.எம்.சி. நிறுவனம் அவர்களை வாங்கி, 2002இல் சென்டெரா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மாற்றவே கூடாத ஆவணங்களை வைத்திருக்கும் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அது தோதாக அமைந்தது.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நீளமான கிட்டங்கிக் கூடம் ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். அறைக்குள் அறை இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலாசம். கூடவே தேதி, வகை, உரிமையாளர் என்று ஒட்டிய குறிப்புச் சீட்டு. விலாசத்தைச் சொன்னால் பொருள் வரும். கூடத்தின் எந்த மூலையில் இருந்தது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வைத்த பொருளின் நடுவே ஒரு வரியை மட்டும் அழித்து எழுதவும் முடியாது. புதிய பொருளாக முழுவதும் வைக்க வேண்டும். கணக்கில் தவறிப் பதிந்ததை அழிக்காமல் மாற்றுப்பதிவு போடும் பழைய கணக்கப்பிள்ளைக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இதை எல்லோருக்கும் எட்டும்படி செய்ததுதான் 2006இல் அமேசான் திறந்த கிடங்கு. எஸ்-3 என்று பெயர். ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 அமெரிக்கக் காசு வாடகை. முன்பணம் இல்லை, இயந்திரம் வாங்க வேண்டாம். அதுவரை பெரிய நிறுவனங்களின் சொத்தாக இருந்த வசதி, கடன் அட்டை வைத்திருக்கும் யாருக்கும் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. கொஞ்ச காலத்தில் ஃபேஸ்புக்குக்கும் இதே தலைவலி வந்தது. ஒரு படத்தைக் காட்ட, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வட்டைப் பலமுறை சுற்ற வேண்டியிருந்தது. படங்களைப் பெரிய மூட்டைகளாகக் கட்டி, இருப்பிடக் குறிப்பை மட்டும் நினைவகத்தில் வைத்து அதைத் தீர்த்தார்கள். 2010இல் அந்த முறையை வெளியிட்டபோது அவர்கள் வைத்த பெயர் ஹேஸ்டாக், அதாவது வைக்கோற்போர்.

பொருள் தொலையாமல் இருப்பது எப்படி? மூன்று இடத்தில் மூன்று நகல் வைப்பது ஒரு வழி; செலவு மூன்று மடங்கு. இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960இல் எழுதிய கணிதம் இன்னொரு வழியைத் தந்தது. ஒரு கோப்பைப் பத்துத் துண்டாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட நான்கு உபரித் துண்டுகளைச் சேர்த்துப் பதினான்கு இடங்களில் வைத்தால், எந்த நான்கு அழிந்தாலும் மீதிப் பத்திலிருந்து முழுக்கோப்பையும் மீட்டுவிடலாம். செலவு ஒன்றரை மடங்குக்கும் குறைவு. கீறல் விழுந்த பாட்டு சி.டி. தடங்காமல் பாடியதும் இந்தக் கணிதத்தால்தான்.

எல்லாம் சரியாகவே நடந்ததா என்றால், இல்லை. 2017 பிப்ரவரி 28ஆம் தேதி அமேசான் ஊழியர் ஒருவர் சில இயந்திரங்களை நிறுத்தக் கொடுத்த கட்டளையில் தவறு நேர்ந்து, அதிகமான இயந்திரங்கள் நின்றுபோயின. பெட்டிகள் அப்படியே இருந்தன. எந்தப் பொருள் எங்கே என்று சொல்லும் பட்டியல் நின்றுவிட்டது. அமெரிக்காவில் எத்தனையோ இணையத்தளங்கள் சில மணி நேரம் முடங்கின. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து ஒரு கட்டடமே போயிற்று. தனி நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் இழந்ததை மீட்க முடியவில்லை.

இவை எல்லாவற்றையும் விட வருத்தமானது தென் கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26ஆம் தேதி டேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலம் வெடித்துத் தீ பரவியது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிடங்கு எரிந்தது. 858 டெராபைட். வெளியே நகல் இல்லை. அளவு பெரிது, அதனால் நகல் எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காதே, கிடங்கிலேயே வை என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்ததும் உண்டு. தொழில்நுட்பத்தில் முன்னணி நாடு, அத்தனையையும் ஒரே கூரையின்கீழ் வைத்துவிட்டுக் கைபிசைந்து நின்றது.

இப்போது அந்தக் கூரைகள் ஜொகூருக்கே வந்துவிட்டன. 2019 முதல் 2022 வரை சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. நிலமும் மின்சாரமும் தேடியவர்கள் பாலத்தைக் கடந்தார்கள். கூலாய், செடெனாக் பக்கம் செம்பனை நின்ற இடங்களில் சன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் எழுந்தன. மின்சாரமும் தண்ணீரும் அவை இழுக்கும் அளவைப் பார்த்து, மாநில அரசாங்கம் 2024இல் விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு குழுவை அமைத்தது. மையம் வருகிறது என்பதற்காக மட்டும் கைதட்டாமல் கணக்குப் பார்த்தது நல்ல காரியம். 2024 ஆகஸ்டில் அமேசான் தன் கிடங்குகளின் மலேசிய வட்டாரத்தை மூன்று தனித்தனி வளாகத் தொகுதிகளோடு தொடங்கியது. மூவார்க் கடைக்காரரின் ரசீது இனி கடல் தாண்டாமலே மூன்று இடங்களில் இருக்க வழி உண்டு.

அதற்கான தேவையும் அதே மாதத்தில் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்டு முதல் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேலுள்ள நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல் கட்டாயமானது. படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரியில் 10 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்கும் சிறுதொழில் வரை வந்துவிட்டது. வருமான வரி வாரியம் சரிபார்த்த ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. அதுவும் ஒரு விலாசம்தான். பட்டியல் கட்டத்துக்குள் அடங்கிய தரவு. அதற்குச் சாட்சியான படமும் ரசீதும் ஒப்பந்தமும் அடங்காதவை. வருமான வரிச் சட்டப்படி பதிவுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் தாள் 2032 இறுதி வரை கேட்டால் கிடைக்க வேண்டும்.

கிடங்கில் பூட்டு வசதியும் இருக்கிறது. 2018 முதல் எஸ்-3இல் ஒரு பொருளை இத்தனை ஆண்டுக்கு யாரும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று பூட்டி வைக்கலாம். கணினிக்குள் புகுந்து கோப்புகளை மூடிவிட்டுப் பணம் கேட்கும் கும்பலாலும் அந்தப் பூட்டப்பட்ட நகலைத் தொட முடியாது. ஆனால் வாடகை மாதாமாதம் ஓடும். வைத்ததைத் திரும்ப எடுக்கும்போது தனிக் கட்டணமும் உண்டு. விலைப்பட்டியலில் அந்த வரி கீழே இருக்கும், பலர் படிப்பதில்லை.

குடும்ப வியாபாரங்களில் இன்னொரு சிக்கல். கணினி தெரிந்த மகனோ மருமகனோ தன் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, தன் கைப்பேசியிலேயே கடவுச்சொல்லை வைத்திருப்பார். இரண்டு ஆண்டு கழித்து அவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விடுவார். கிடங்கு பத்திரமாக இருக்கும், தாள்களும் இருக்கும், சாவி மட்டும் எல்லை தாண்டியிருக்கும். வட்டிக்கடையில் தவணை முடிந்த ஏஜெண்டு அப்படிக் கப்பலேறிவிட முடியாது. புதியவர் வந்து, ஏட்டைப் புரட்டி, இருப்பை எண்ணி, வரவேண்டியது எவ்வளவு கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டிச் சாவி கைமாறும்.