பொய்த்த நாளும் பொய்க்காத பணிவும்

1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பல்லாயிரம் கிறித்துவர்கள் இல்லங்களிலும் கூட்ட அரங்குகளிலும் கூடி விழித்திருந்தனர். இயேசு பெருமான் அன்று வானினின்று மீண்டும் வருவார் என்பது அவர்களது உறுதி. கடையை மூடியவர் உண்டு. விளைந்த பயிரை அறுக்காது விட்டவரும் உண்டு. பொழுது சாய்ந்தது, நள்ளிரவு கடந்தது, மறுநாட் காலையில் கதிரவன் வழக்கம்போல் எழுந்தான். வரலாற்றாசிரியர் இதனைப் 'பெரும் ஏமாற்றம்' என்று அழைப்பர்.

இந்த எதிர்பார்ப்புக்கு வித்திட்டவர் வில்லியம் மில்லர். 1782இல் பிறந்தவர், நியூயார்க் மாநிலத்து லோ ஹாம்ப்டனில் வாழ்ந்த உழவர். பள்ளிப் படிப்பு சிறிதேயாயினும் நூல்களைத் தாமே தேடிப் பயின்றார். இளமையில் அவர் விவிலியத்தை நம்பவில்லை. உலகைப் படைத்த இறைவன் அதன் பின்னர் மனிதர் செயல்களில் தலையிடுவதில்லை என்பதே அவரது கொள்கை. 1814இல் பிளாட்ஸ்பர்க் போரில் கேப்டனாக நின்று, சிறுபடை பெரும்படையை வென்றதைக் கண்ணுற்றபின் அக்கொள்கை ஆட்டங்கண்டது. 1816இல் கிறித்துவ நம்பிக்கைக்குத் திரும்பினார். பழைய நண்பர்கள் விவிலியத்தில் முரண்பாடுகளைக் காட்டி எள்ளினர். அவர்களுக்கு விடை கூறவே, விவிலியத்தையும் ஒரு சொல்லடைவு நூலையும் கையிற்கொண்டு வரிவரியாக ஆராயலானார்.

தானியேல் நூலின் எட்டாம் அதிகாரம் 2,300 இராப்பகல் எனும் ஒரு கால அளவைக் கூறுகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டைக் குறிக்கும் என்று மில்லர் கொண்டார். எருசலேம் தொடர்பாகப் பாரசீக மன்னன் அர்தசஷ்டா ஆணையிட்ட கி.மு. 457ஐத் தொடக்கமாக வைத்தார். 2,300இல் 457ஐக் கழித்தால் 1843. எளிய கழித்தல்தான், ஆனால் கி.மு. 1ஐ அடுத்து வருவது கி.பி. 1, இடையில் சுழி ஆண்டு கிடையாது. ஆகவே உண்மையில் வரவேண்டிய விடை 1844. மாணவர் இன்றும் வழுக்கும் இடம் இது.

1818இலேயே இம்முடிவுக்கு வந்தும் மில்லர் மேடை ஏறவில்லை. தம் கணக்குக்கு எதிராக எழக்கூடிய ஐயங்களைத் தாமே எழுப்பி, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1831இல் ஒருநாள், யாரேனும் அழைத்தால் சென்று பேசுவேன் என இறைவனிடம் வாக்களித்தார். அழைக்க ஒருவரும் வாரார் என்ற துணிவிலே தந்த வாக்கு அது! அரைமணி நேரத்திற்குள் டிரெஸ்டன் எனும் ஊரிலிருந்து மருமகன் அழைப்போடு வந்து நின்றான். மில்லர் தம்மீதே சினங்கொண்டு தோப்புக்குள் சென்று நெடுநேரம் மன்றாடினார், பின்னர் புறப்பட்டார்.

பாஸ்டன் நகரப் போதகர் ஜோசுவா ஹைம்ஸ் 1840இல் இதழ் தொடங்கியதும் செய்தி நாடெங்கும் பரவியது. நாள் குறிக்கத் தயங்கிய மில்லர், 1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடைப்பட்ட ஓராண்டு என்று மட்டும் கூறினார். அது கழிந்தபோது தம் பிழையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆகஸ்டு மாதம் சாமுவேல் ஸ்னோ என்பார், யூதரின் ஏழாம் மாதம் பத்தாம் நாளாகிய அக்டோபர் 22 எனத் திட்டமாக அறிவித்தார். மக்கள் அதனைத் தீப்போலப் பற்றிக்கொண்டனர். மில்லர் அதனை ஏற்றது, அந்நாளுக்கு ஏறத்தாழ இரு வாரங்களே இருந்தபோதுதான். தொடங்கி வைத்தவரே இறுதியில் கூட்டத்தின் பின்னே நடந்தார் எனலாம்.

ஏமாற்றத்துக்குப் பின் ஏளனம் வந்தது. வெள்ளாடை அணிந்து குன்றேறி நின்றனர் என்ற கதையும் கிளம்பிற்று; அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பர் ஆய்ந்தோர். அடியார்களுள் சிலர் நம்பிக்கையையே துறந்தனர். சிலர் புது நாட்களைக் குறித்து மீண்டும் ஏமாந்தனர். வேறு சிலர், நாள் சரியே, நிகழ்ந்தது விண்ணகத்தில் என விளக்கம் கண்டனர். அவ்வழியில் 1863இல் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபை அமைந்தது.

மில்லரும் முதற் சில வாரங்கள் தடுமாறாமல் இல்லை. கிருபையின் வாசல் உலகுக்கு அடைபட்டுவிட்டது என்று அவரும் எண்ணியதுண்டு. பின்னர் அதனைக் கைவிட்டார். 1845இல் வெளியிட்ட தன்விளக்க நூலில், தாம் கணித்த காலம் தவறியது என்பதை வெளிப்படையாக எழுதினார். ஆயினும் ஆண்டவர் வருவார் என்ற நம்பிக்கையை விடவில்லை. கணக்குப் பிழை தம்முடையது, வாக்கு தம்முடையதன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது சொல்லுக்கு எளிது. ஆயிரமாயிரம் பேர் தம் சொல்லை நம்பி இழப்புற்ற பின்னர், அதனைச் செய்ய எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

அதே ஆண்டில் உள்ளூர்ப் பாப்டிஸ்ட் சபை அவரை விலக்கியது. கண்பார்வையும் மங்கி வந்தது. 1848இல் தம் வீட்டருகே சிறு வழிபாட்டுக்கூடம் ஒன்று எழுந்தது. 1849 டிசம்பர் 20ஆம் நாள் மில்லர் காலமானார். அக்கூடம் இன்றும் இருக்கிறது. குறித்த காலத்தில் முடிவு வரும் என்னும் பொருள்பட ஒரு வரி அதன் பிரசங்க மேடைக்குப் பின்னுள்ள சுவரில் எழுதப்பட்டுள்ளது. ஆண்டு எதுவும் அதில் குறிக்கப்படவில்லை.