கப்பலில் துணி வெளுத்த கதை

போன டிசம்பரில் குடும்பத்தோடு மும்பையிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் போனோம். தங்கமணி மூட்டை கட்டும்போதே பிரச்சனை ஆரம்பித்துவிட்டது. கப்பலுக்குள் கொண்டு வரக்கூடாத சாமான்கள் பட்டியலில், கத்தி, பட்டாசு இதுகளோடு இஸ்திரிப் பெட்டியும் இருந்தது.

"பட்டாசும் இதுவும் ஒண்ணா? ஒரு ராத்திரி எல்லாரும் நல்ல துணி போட்டுக்கிட்டுச் சாப்பிட வரணும்னு போட்டிருக்கான். கசங்கின புடவையோட போய் நிக்கவா?"

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு வேறு கவலை. "அந்த உப்புக் காத்துல பட்டு என்னத்துக்கு ஆகும்?"

இரண்டுமே நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. வழக்கம் போல படிக்க உட்கார்ந்தேன். படித்தது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய்மரக் கப்பல் காலத்திலிருந்து ஆரம்பிப்போம். இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மதராஸ் வந்து சேர நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். கப்பலில் இருக்கும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். துணிக்குக் கிடையாது. அதனால் கும்பினி உத்தியோகத்துக்கு வந்த துரைமார்கள் சட்டையை டஜன் கணக்கில் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். போட்டது, கழற்றியது, மூட்டையில் திணித்தது. கரை வந்ததும் மொத்தமாக வெளுக்கப் போடுவது. பணமிருந்தவன் துணி துவைக்கும் வேலைக்குக் கண்டுபிடித்த வழி, துவைக்காமலே இருப்பது!

மாலுமிக்கு டஜன் சட்டைக்கு எங்கே போவது? அவன் கடல் தண்ணீரில்தான் அலசவேண்டும். கயிற்றில் துணியைக் கட்டி, ஓடும் கப்பலுக்குப் பின்னால் கடலில் விட்டு இழுப்பதும் உண்டு. மழை பெய்தால் கொண்டாட்டம்தான். பாயை விரித்துத் தண்ணீர் பிடித்துத் துவைத்துக்கொள்வார்கள். கடல் தண்ணீரில் அலசிய துணியில் ஒரு கஷ்டம், அது முழுசாகக் காயவே காயாது. உள்ளே தங்கும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிகிறதே, அதே கதை. அந்த ஈரத் துணியை மாதக் கணக்கில் போட்டுக்கொண்டால் உடம்பெல்லாம் புண்தான். பெரிய கடற்பயணங்கள் செய்த கேப்டன் குக், ஆட்கள் காய்ந்த துணி உடுத்தவேண்டும், படுக்கையை வெயிலில் காட்டவேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார். மாலுமிகளின் ஆரோக்கியத்தைக் காத்த முறைகளை எழுதியதற்காக 1776-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது.

சரி, சோப்பு போட்டால்? அங்கேதான் விஷயமே இருக்கிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்புகள். அதில் மெக்னீசியமும் கால்சியமும் உண்டு. இவை சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். நுரை வராது, அழுக்கும் போகாது, பிசுக்கு வேறு மேலே ஒட்டிக்கொள்ளும். போர் தண்ணீரில் குடித்தனம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை அனுபவித்துச் சொன்னவர் ஒருத்தர் இருக்கிறார். 1888 செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயிலிருந்து 'கிளைடு' என்ற கப்பலில் சட்டம் படிக்கப் புறப்பட்ட பதினெட்டு வயசுப் பையன், மோகன்தாஸ் காந்தி. கப்பலில் குளிக்கக் கடல் தண்ணீர்தான். அதில் சோப்பு கரையாது. ஆனாலும் சோப்பு போடுவதுதான் நாகரிகம் என்று நினைத்து விடாமல் தேய்த்திருக்கிறார். பிசுக்கு படிந்து, படர்தாமரை வந்து, லண்டனில் டாக்டர் மேத்தாவிடம் காட்டி மருந்து போட்டுக்கொண்டதைச் சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார்.

துணி விஷயத்திலும் பாவம் அடி வாங்கினார். நண்பர்கள் கொடுத்த வெள்ளை ஃபிளானல் உடுப்பைக் கரையிறங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்து, கறுப்பு உடுப்பிலேயே மூன்று வாரத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். இறங்கும் அன்றைக்கு வெள்ளையைப் போட்டுக்கொண்டு இறங்கினால், செப்டம்பர் கடைசி, குளிர் ஆரம்பித்துவிட்டது. துறைமுகத்தில் வெள்ளை உடுத்திய ஒரே ஆள் இவர்தான். நல்ல துணியைப் பொத்திப் பொத்தி வைத்து, தப்பான நாளில் கட்டிக்கொண்டு போய் நிற்பது நமக்கெல்லாம் நடந்ததுதானே!

நிற்க. அந்தப் படர்தாமரைக்கு இன்னொரு கதை உண்டு. தொடை இடுக்கில் வரும் அதே சாதிப் பூஞ்சைத் தொற்றுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'தோபி இட்ச்'. வண்ணான் அரிப்பு! வெயிலும் வியர்வையும் ஈரத் துணியும் பண்ணின வேலைக்கு, துணி வெளுத்துக் கொடுத்தவன் மேல் பழி. அந்தப் பெயர் ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படையில் துணி துவைப்பதற்கே 'தோபி' என்றுதான் பேச்சு. நம் ஊர்த் துறைமுகங்களில் ஒட்டிக்கொண்ட வார்த்தை, அவர்களோடேயே கப்பலேறிப் போய்விட்டது.

ஆனால் வண்ணார் துணியில் போடும் குறி சிலருக்கு நிஜமாகவே அரித்தது. சேராங்கொட்டைச் சாறு எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது, அதனால் அதில்தான் குறி போடுவார்கள். சிலர் தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்களுக்குச் சரியாகக் குறி படும் இடத்தில் மட்டும் புண் வந்ததை மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பலும் வந்தது. ஆறு மாதப் பயணம் மூன்று வாரமாகச் சுருங்கியது. ஆனாலும் துணி பெரும்பாலும் கரையில்தான் வெளுத்தது. 1912 ஏப்ரலில் கிளம்பிய டைட்டானிக்கில் நீச்சல் குளம் இருந்தது, துருக்கிக் குளியலறை இருந்தது, சலவைக்கூடம் மட்டும் இல்லை! அதற்குப் பதிலாக 45,000 மேசைத் துண்டு, 15,000 ஒற்றைப் படுக்கை விரிப்பு, 7,500 குளியல் துண்டு என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அழுக்கையெல்லாம் கட்டி வைத்து, திரும்பி வந்ததும் கரையில் இறக்கி வெளுப்பதாக ஏற்பாடு. கும்பினி துரையின் டஜன் சட்டைக் கணக்கேதான், அளவு மட்டும் பெரிசு.

கடல் தண்ணீரில் நுரைக்கும் சோப்பு இல்லவே இல்லையா என்றால், உண்டு. அதைக் கேட்டால் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு! தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அதன் சங்கிலி குட்டை, அதனால் அந்தச் சோப்பு உப்புத் தண்ணீரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கும். கப்பல்காரர்களுக்கென்று விற்ற 'கடல் சோப்பு' தேங்காய் எண்ணெயில் செய்ததுதான். நம் பாட்டிமார் பட்டுக்குப் போட்ட பூந்திக்கொட்டையும் கடின நீரில் திரியாது. அதிலிருப்பது சப்போனின், அது சோப்பே இல்லை. பிறகு செயற்கை டிடர்ஜென்ட் வந்தது. நம் நாட்டில் 1959-ல் சர்ஃப், 1969-ல் நிர்மா. உப்புத்தண்ணி ஊர்க்காரர்களுக்கு அதற்கப்புறம்தான் விடிவுகாலம்.

இப்போதைய கப்பல்களில் கடல் தண்ணீரைக் காய்ச்சியோ சவ்வில் வடிகட்டியோ நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்கிறார்கள். கீழ்த் தளத்தில் பெரிய சலவைக்கூடம் ராப்பகலாக ஓடுகிறது. அப்படியிருக்க இஸ்திரிப் பெட்டிக்கு ஏன் தடை? நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது, அவ்வளவுதான். 1998 ஜூலை 20 அன்று மியாமியிலிருந்து புறப்பட்ட 'எக்ஸ்டஸி' என்ற சொகுசுக் கப்பல் கொஞ்ச நேரத்திலேயே தீப்பிடித்தது. தொடங்கிய இடம் சலவைக்கூடம். அங்கே வெல்டிங் செய்த பொறி, காற்றோட்டக் குழாயில் படிந்திருந்த பஞ்சுத் தூசியில் பற்றி, குழாய் வழியாகவே பின்பக்கம் கயிறுகள் வைத்திருந்த தளத்துக்குப் போய்விட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. துணியிலிருந்து உதிரும் பஞ்சுக்கே இந்த சக்தி என்றால், அறைக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி என்னவெல்லாம் பண்ணும்? தங்கமணியிடம் இதைச் சொன்னேன். பெட்டி அலமாரிக்குத் திரும்பியது.

இதைத் தேடும்போது படித்த இன்னொரு விஷயம் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ரொம்ப காலம் துணி வெளுத்தவர்கள் ஹாங்காங் சீனர்கள். 1982 ஃபாக்லாந்து போரில் 'ஷெஃபீல்ட்', 'கவன்ட்ரி' என்ற இரண்டு கப்பல்கள் அடிபட்டு மூழ்கின. இறந்தவர்களில் இந்தச் சலவைக்காரர்களும் உண்டு. துப்பாக்கி பிடிக்க வந்தவர்கள் இல்லை. அடுத்தவன் சட்டைக்குக் கஞ்சி போட வந்தவர்கள். யாருக்கோ நடந்த போரில், வீட்டிலிருந்து அத்தனை தூரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

வெளுப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்று காந்தி பிறகு தென்னாப்பிரிக்காவில் தெரிந்துகொண்டார். சலவைச் செலவு கட்டுப்படியாகாமல், புத்தகம் வாங்கிப் படித்துத் தானே துவைக்க ஆரம்பித்தார். முதல் காலரில் கஞ்சி அதிகம், பெட்டியில் சூடு போதவில்லை. கோர்ட்டில் காலரிலிருந்து கஞ்சி உதிர, வக்கீல்கள் சிரித்தார்கள். 1912-ல் கோகலே அங்கே வந்தபோது, ரானடே பரிசாகக் கொடுத்த அங்கவஸ்திரம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். விருந்துக்குப் போட எடுத்தால் கசங்கியிருக்கிறது. நான் தேய்த்துத் தருகிறேன் என்றார் காந்தி. உம்முடைய வக்கீல் திறமையை நம்புவேன், வண்ணார் திறமையை நம்பமாட்டேன் என்கிற மாதிரி கோகலே தயங்கினார். கெஞ்சி வாங்கித் தேய்த்துக் கொடுத்து நற்சான்று பெற்றார் காந்தி. உலகமே ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கவலையில்லை என்கிற அளவுக்கு அவருக்கு அதில் பெருமை.

இப்போது அம்மாவின் பட்டு. மேல் தளத்தில் நின்றபோது அலைச் சாரல் முந்தானையில் அடித்துவிட்டது. கப்பல் சலவையில் போடலாமா என்றேன். கூடாது என்றுவிட்டாள். யோசித்தால் அதுதான் சரி. பட்டு புரதம், கம்பளி மாதிரி. காரமான சோப்பும் கொதிநீரும் அதை அரித்துவிடும். ஜரிகையில் வெள்ளி இருந்தால் உப்பும் ஈரமும் பட்டுக் கறுக்கும். சாரல் பட்ட இடத்தை மட்டும் நல்ல தண்ணீரில் நனைத்த மல் துணியால் ஒற்றி எடுத்தாள். அறைக்குள் நிழலில் ஆறவிட்டு, ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி வைத்தாள். தங்கமணியின் மற்ற புடவைகளுக்கும் அவள்தான் வழி சொன்னாள். குளியலறையில் வெந்நீர் ஆவி பிடித்ததும் மாட்டி வைத்தால் சுருக்கம் பாதி போய்விடும். போயிற்று.

கொச்சியில் இறங்கியதும் ஃபோர்ட் கொச்சியில் இருக்கும் தோபி கானாவுக்குப் போனோம். டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் தங்கள் படையின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்த வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள். டச்சுக்காரன் 1795-ல் போய்விட்டான். இவர்கள் இருக்கிறார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், கயிறு முறுக்கிலேயே துணியைச் செருகும் கொடிகள், அரிசிக் கஞ்சி, கனமான இஸ்திரிப் பெட்டி. பேச்சில் இன்னும் தமிழ்.

அங்கே தேய்த்துக்கொண்டிருந்த வயசான ஒரு அம்மாவிடம், "பட்டு தேய்ப்பீங்களா தாயி?" என்று அம்மா கேட்டாள். அவர் முந்தானையை விரலால் தடவிப் பார்த்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, சூட்டைக் குறைத்துத் தேய்த்துக் கொடுத்தார். "உப்புத் தண்ணி பட்டிருக்கு, ஒற்றி எடுத்துட்டீங்க போல. நல்ல வேலை பண்ணுனீங்க" என்றார்.

அம்மா அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டீ வாங்கி வரச் சொன்னாள், இரண்டு பேருக்கும்.

ஊரில் எங்கள் வீட்டுக்குத் துணி எடுக்க வருகிறவர் என் தாத்தா வயசு. உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, பாட்டி பட்டை மட்டும் தனியாகக் கொண்டு வருவார். பின்வாசலோடு சரி. சாயங்காலம் அவர் வீட்டம்மா சோறு வாங்க வருவதும் அந்த வாசலுக்குத்தான். நானும் என் தங்கையும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், 'வா, போ' என்று. யாரும் எங்களைத் திருத்தவில்லை.

டாக்ஸியில் திரும்பும்போது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவரை நாம ஒரு நாள்கூட உள்ள கூப்பிட்டு உட்கார வச்சதில்ல, இல்லடா?" என்றாள்.

இல்லைம்மா என்றேன். வேறென்ன சொல்ல?