வெளிப்பொருத்தும் இயந்திரத்திற்கான மின்கல இணைப்பு

வெளிப்பொருத்தும் இயந்திரத்திற்கான மின்கல இணைப்பு என்பது, சிறு படகின் பின்பலகையில் பொருத்தப்படும் இயந்திரத்தை 12 வோல்ட்டு மின்கல அடுக்குடன் இணைக்கும் மின்சுற்று அமைப்பாகும். மின்கல அடுக்கு பொதுவழக்கில் பேட்டரி என்றும், வெளிப்பொருத்தும் இயந்திரம் அவுட்போர்டு எஞ்சின் என்றும் அழைக்கப்படுகின்றன. மின்கல அடுக்கு இயந்திரத்தைத் தொடக்குவதற்கும், படகிலுள்ள விளக்கு, ஜி.பி.எஸ். கருவி, வி.எச்.எப். வானொலி ஆகியவற்றை இயக்குவதற்கும் பயன்படுகிறது. இவ்விரு பணிகளின் தேவைகளும் வெவ்வேறானவை. தொடக்கத்திற்கு மிகுந்த மின்னோட்டம் சில நொடிகளுக்கு மட்டும் தேவை. விளக்கிற்கும் கருவிகளுக்கும் சிறிய மின்னோட்டம் பல மணி நேரம் தேவை. இவ்வேறுபாட்டைக் கொண்டே இணைப்பின் பெரும்பாலான விதிகளை விளங்கிக் கொள்ளலாம்.

பின்னணி

ஈய-அமில மின்கலத்தைப் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859 இல் உருவாக்கினார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909 இல் தமது வெளிப்பொருத்தும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார். தொடக்ககால இயந்திரங்கள் கையால் சுழற்றித் தொடக்கப்பட்டன. அவற்றைத் தொடக்குவதற்கு மின்கல அடுக்கு தேவைப்படவில்லை. இன்றும் ஏறத்தாழ 10 குதிரைத்திறன் வரையுள்ள பல இயந்திரங்கள் கயிற்றை இழுத்தே தொடக்கப்படுகின்றன. இவற்றில் தீப்பொறிக்குத் தேவையான மின்சாரத்தைச் சுழல் சக்கரத்திலுள்ள காந்தங்களும் கம்பிச்சுருளும் உண்டாக்குகின்றன. எனவே இத்தகைய இயந்திரம் மின்கல அடுக்கு தீர்ந்தாலும் இயங்கும். ஆனால் விளக்கும் கருவிகளும் அணைந்துவிடும்.

காவிரிப் படுகைக் கடற்கரை

குத்தாலம் காவிரிக் கரையில் அமைந்த உள்நாட்டு ஊர். 2020 இல் நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மயிலாடுதுறை மாவட்டத்தின் வட்டங்களுள் சீர்காழியும் தரங்கம்பாடியும் கடற்கரை உடையவை. குத்தாலமும் மயிலாடுதுறையும் வயல்வெளி சார்ந்தவை. குத்தாலம் வழியே செல்லும் காவிரி பூம்புகாரில் கடலில் கலக்கிறது. பூம்புகார், தரங்கம்பாடி, பழையாறு ஆகிய மீனவ ஊர்களில் கட்டுமரங்களுக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மறுவாழ்வு உதவியாகப் படகுகள் வழங்கப்பட்டபோது இம்மாற்றம் விரைவடைந்தது.

படகிலும் டிராக்டரிலும் பயன்படுவது ஒரே வகையான 12 வோல்ட்டு ஈய-அமில மின்கல அடுக்கே. ஆயினும் டிராக்டருக்கு இணைப்புக் கொடுக்கத் தெரிந்தவர் அதே முறையைப் படகில் பின்பற்ற இயலாது. டிராக்டரில் இரும்புச் சட்டமே எதிர்முனைக் கடத்தியாகப் பயன்படுகிறது; ஆகவே விளக்கிற்கு ஒரு கம்பி போதும். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே படகில் ஒவ்வொரு கருவிக்கும் நேர்முனைக் கம்பி ஒன்றும் எதிர்முனைக் கம்பி ஒன்றும் தனித்தனியே செல்ல வேண்டும்.

பாகங்கள்

* மின்கல அடுக்கு: ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டது. முழுவதும் மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும்போது இதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு. 12.2 வோல்ட்டு எனில் பாதியளவு மின்னேற்றமே உள்ளது எனக் கொள்ளலாம்.
* தொடக்கு மோட்டார்: இயந்திரத்தை முதலில் சுழற்றுவது. இயந்திரத்தின் அளவைப் பொறுத்து 100 ஆம்பியர் அளவிலான மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும்.
* மின்னேற்றச் சுருளும் திருத்தியும்: இயந்திரம் ஓடும்போது உண்டாகும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி மின்கல அடுக்கிற்குத் திருப்பி அளிப்பவை. சிறு இயந்திரங்களில் இது சில ஆம்பியர்களே.
* முதன்மைச் சுவிட்சு: படகு கரையில் நிற்கும்போது மின்சுற்று முழுவதையும் துண்டிப்பது.
* மின் உருகி: பியூசு எனப்படும் இது, மின்னோட்டம் அளவுக்கு மீறும்போது உருகிச் சுற்றைத் துண்டித்துக் கம்பியைக் காக்கிறது.

கம்பியின் தடிமன்

தொடக்கச் சுற்றில் கம்பியின் தடிமனே முதன்மையானது. மின்கல அடுக்கு இயந்திரத்திலிருந்து 3 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் சென்று திரும்ப வேண்டுமாதலால் கம்பியின் மொத்த நீளம் 6 மீட்டர். செம்பின் மின்தடையைக் கொண்டு கணக்கிட்டால், 100 ஆம்பியர் பாயும்போது கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தம் பின்வருமாறு அமையும்:

* 6 சதுர மி.மீ. கம்பி: 1.7 வோல்ட்டு
* 16 சதுர மி.மீ. கம்பி: 0.65 வோல்ட்டு
* 25 சதுர மி.மீ. கம்பி: 0.4 வோல்ட்டு

தொடக்கத்தின்போது மின்கல அடுக்கின் முனைகளிலேயே மின்னழுத்தம் 10 முதல் 11 வோல்ட்டு வரை இறங்கிவிடும். அதிலிருந்து மேலும் 1.7 வோல்ட்டு குறைந்தால் மோட்டார் திணறும், கம்பியும் சூடாகும். மின்கல அடுக்கு பழுதடைந்துவிட்டது எனக் கருதிப் புதிதாக வாங்குவோர் பலர். உண்மையில் மெல்லிய கம்பியோ தளர்ந்த முனையோ காரணமாக இருப்பதுண்டு. மோட்டாரைச் சுழற்றும்போது மின்கல அடுக்கின் முனைகளிலும் மோட்டாரின் முனைகளிலும் மின்னழுத்தத்தைத் தனித்தனியே அளந்தால் இதைக் கண்டறியலாம். இரண்டிற்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் குறை கம்பியிலோ முனைகளிலோ உள்ளது.

வீட்டு மின்னிணைப்பில் பயன்படும் ஒற்றை இழைக் கம்பி படகிற்கு ஏற்றதன்று. இயந்திரத்தின் அதிர்வால் அது நாளடைவில் ஒடிந்துவிடும். வெள்ளீயம் பூசிய பல மெல்லிய செம்பிழைகளால் ஆன கம்பி அதிர்வையும் உப்பரிப்பையும் தாங்கும்.

மின்கல அடுக்கின் கொள்ளளவு

தொடக்கத்திற்குத் தேவைப்படும் மின்னூட்டம் மிகக் குறைவு. 100 ஆம்பியர் மின்னோட்டம் 3 நொடிகள் பாய்ந்தால் செலவாவது 0.08 ஆம்பியர்-மணி மட்டுமே. மாறாக, 25 வாட்டு இழை விளக்கு ஓர் இரவில் 10 மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 21 ஆம்பியர்-மணி செலவாகும். 40 ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள மின்கல அடுக்கில் இது பாதிக்கும் மேல். அதே வேலையை 5 வாட்டு எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 4 ஆம்பியர்-மணியில் செய்துவிடும். எனவே மின்கல அடுக்கைத் தீர்ப்பது பெரும்பாலும் இயந்திரமன்று, விளக்கே ஆகும். இயன்றால் தொடக்கத்திற்கு ஒன்றும் கருவிகளுக்கு ஒன்றுமாக இரண்டு மின்கல அடுக்குகளை வைப்பது நன்று.

இணைக்கும் முறை

# மின்கல அடுக்கை மூடியுள்ள, காற்றோட்டமான பெட்டியில் வைத்து, அலையில் நகராதவாறு வாரால் கட்டவேண்டும். மின்னேற்றத்தின்போது ஐதரசன் வளிமம் வெளியேறும்; காற்றில் இதன் அளவு 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றக் கூடும். பெட்ரோல் தொட்டியை இதன் அருகில் வைத்தலாகாது.
# முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு, சிவப்புக் கம்பியை நேர்முனையில் முதலில் இணைக்கவேண்டும்.
# கருப்புக் கம்பியை எதிர்முனையில் இறுதியாக இணைக்கவேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றவேண்டும். இயந்திரத்தின் உலோக உடல் எதிர்முனையுடன் தொடர்புடையது. எதிர்முனை இணைந்திருக்கும்போது நேர்முனையைத் திருகும் கருவி இயந்திரத்தில் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்.
# கருவிகளுக்குச் செல்லும் கம்பி ஒவ்வொன்றிலும், மின்கல அடுக்கின் நேர்முனைக்கு இயன்றவரை அருகில், மின் உருகி பொருத்தவேண்டும். உருகியின் அளவு கம்பி தாங்கும் மின்னோட்டத்திற்கு மேற்படக் கூடாது.
# மரைகளைச் சாவியால் இறுக்கியபின் முனைகளின் மேல் வாசலின் தடவவேண்டும்.

செய்யக்கூடாதவை

முனைகளை ஒரு நொடி மாற்றி இணைத்தாலும் திருத்தியிலுள்ள இருமுனையங்கள் எரிந்துபோகலாம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்கல அடுக்கைக் கழற்றினால், மின்னேற்றச் சுருளின் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து திருத்தியும் கருவிகளும் பழுதடையலாம். எரிந்த உருகிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவது பரவலாகக் காணப்படும் வழக்கம். இதுவே மிகவும் ஆபத்தானது. நல்ல நிலையிலுள்ள மின்கல அடுக்கின் உள்தடை 0.01 ஓம் அளவே ஆகும். எனவே குறுக்குச்சுற்றில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ந்து கம்பியின் உறை தீப்பற்றும். கண்ணாடியிழையும் எரியக்கூடிய பொருளே. 12 வோல்ட்டு மனிதரைத் தாக்காது என்பது உண்மை. ஆயினும் அது படகை எரிக்கப் போதுமானது.

கடலில் இதன் முக்கியத்துவம்

1972 ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள இயந்திரப் படகுகள் இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கையும் பக்க விளக்குகளையும் காட்டலாம். 7 மீட்டருக்குக் குறைந்த, 7 கடல்மைல் வேகத்தைத் தாண்டாத படகுகளுக்கு வெள்ளை விளக்கு கட்டாயம். பக்க விளக்குகள் இயன்றால் காட்டப்பட வேண்டும். விளக்கணைந்த சிறு படகு இருளில் பெரிய விசைப்படகின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாகப்பட்டினம், கோடியக்கரைக் கடற்பகுதியில் 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வரையறுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை அருகிலேயே உள்ளது. கடல்நீரில் கோடு ஏதுமில்லை, ஜி.பி.எஸ். கருவியே எல்லையைக் காட்டுகிறது. உப்பரித்த ஒரு முனையால் அக்கருவி அணைந்தால், மீனவர் தாம் இருக்கும் இடத்தை அறிய இயலாமல் போகிறது. 2017 ஆம் ஆண்டு ஒக்கி புயல், கரையுடன் தொடர்பற்ற படகுகளுக்கு எச்சரிக்கை சென்றடைவதில் உள்ள இடரை வெளிப்படுத்தியது. வானொலியும் இதே மின்கல அடுக்கையே நம்பியுள்ளது.

பராமரிப்பு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படகுகள் பல நாட்கள் கரையில் நிற்கும். பயன்படாத ஈய-அமில மின்கலம் தானாகவே மெல்ல மின்னிறக்கம் அடையும். அந்நிலையில் நெடுநாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட்டு படிந்து கொள்ளளவு குறையும். எனவே அதைக் கழற்றி வீட்டில் வைத்து மாதம் ஒருமுறை மின்னேற்றுவது நல்லது. குறையும் நீரைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே நிரப்பவேண்டும். கடல்நீர் உட்புகுந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் உண்டாகலாம். முனைகளில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு தோன்றினால், எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு, சோடா உப்புக் கரைசலால் துடைத்து, உலர்த்தி, மீண்டும் இறுக்கவேண்டும். கரைசல் கலத்தின் உள்ளே செல்லாதவாறு மூடிகள் மூடியிருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* ஈய-அமில மின்கலம்
* ஓமின் விதி
* கட்டுமரம்
* மயிலாடுதுறை மாவட்டம்