திரு இருதயமும் தூள் நிறமும்

எங்கட ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் திரு இருதயப் படத்தைக் காணாதவர்கள் குறைவு. நெஞ்சில் முள்முடி சுற்றிய இருதயம், அதன்மேல் சுவாலை, எங்களையே பார்க்கிற கண்கள். இந்தப் படங்களுக்கு முன்மாதிரியாக அமைந்த ஓவியங்களில் முக்கியமானது, 1767இல் பொம்பேயோ பட்டோனி செப்புத் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. உரோமில் இயேசு சபையினரின் ஆலயத்தில் இருக்கிறது.

ஆனால் பிரான்ஸில் இந்த இருதயம் வெறும் பக்திச் சின்னமாக மட்டும் இருக்கவில்லை. 1793இல் வொந்தே பகுதியில் புரட்சி அரசை எதிர்த்து எழுந்தவர்கள் அதைத் துணியில் தைத்து, உடுப்பில் அணிந்துகொண்டு சண்டைக்குப் போனார்கள். 1871இல் பரிஸ் கம்யூன் எழுச்சி மொன்மார்த் குன்றில்தான் தொடங்கியது. அதே குன்றில் 1875இல் திரு இருதயப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். குடியரசுவாதிகள் கன பேருக்கு அது தங்களைத் தோற்கடித்தவர்களின் கொடி மாதிரித் தெரிந்தது. 1905இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன.

அந்தக் காலத்துப் பரிஸில் வேலை செய்த ஓவியர் ஒடிலோன் றெடோன் (1840–1916). ஐம்பது வயது வரைக்கும் பெரும்பாலும் கரியிலும் கறுப்பு மையிலும்தான் வரைந்தார். பிறகுதான் பஸ்டலின் நிறங்களுக்குள் முழுசாக இறங்கினார்.

சித்திர பாடத்துக்கு நாங்கள் கொண்டுபோன பஸ்டல் எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது. றெடோனின் பஸ்டல் வேறு. நிறத்தூளோடு கொஞ்சம் பிசின் மட்டும் சேர்த்து உருட்டிய குச்சி அது. காகிதத்தில் தேய்த்தால் தூள் தூளாகவே நிற்கும். விரல் பட்டால் கலைந்துபோகும். அதனால் கண்ணாடிக்குள்தான் வைக்கவேண்டும். பதினாறாம் நூற்றாண்டிலேயே பெடெரிக்கோ பரோச்சி பஸ்டலைப் பாவித்தார். ஆனால் அது பீடப்படங்களுக்கு முன் செய்துபார்க்கும் முகங்களுக்குத்தான். பீடத்தில் ஏறியது எண்ணெய் ஓவியமே.

றெடோன் அந்தத் தூளாலேயே திரு இருதயத்தை வரைந்தார். அவருடைய கிறிஸ்து எங்களைப் பார்க்கவில்லை, தலை தாழ்ந்திருக்கிறது. நெஞ்சில் இருப்பது சின்னம் என்பதைவிட ஒளி என்றுதான் சொல்லலாம். உடம்பின் விளிம்பு எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று அறுதியாகச் சொல்ல ஏலாது. கோடு போட்டுப் பிரிக்க முடியாத உருவத்தைக் கொடியில் தைப்பது கஷ்டம். நீண்ட காலச் சண்டையில் மாட்டுப்பட்டிருந்த ஒரு படத்தை அவர் திரும்ப ஒரு மனிசனின் முகமாக்கினார் என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம்.

இதே றெடோன் இதே பஸ்டலால் புத்தரையும் வரைந்தார், மரத்துக்குப் பக்கத்தில், பூக்களுக்கு நடுவே. இரண்டு படங்களும் இன்றைக்கு பரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். சந்திக்குச் சந்தி வைக்கிற சிலை எல்லைக்கல்லாக மாறுகிற நாட்டில் வளர்ந்த எங்களுக்கு, அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சின்ன விசயமில்லை.

இன்றைக்குப் பஸ்டலில் கிறிஸ்துவை வரைய நினைக்கிற எங்கட வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். பழைய அச்சுப் படத்தை அப்படியே நிறம் மாற்றிப் பிரதியெடுக்கத் தேவையில்லை. யாருடைய பக்கமும் நிற்காத ஒரு முகத்தை இந்தத் தூளால் வரைய முடியும். நூறு வருசத்துக்கு முன்னமே ஒருவர் வரைந்து காட்டியிருக்கிறார்.